சவுதிக்காரன் தூக்கிட்டுப் போயிடுவானா? – வாசகர் கேள்வி பதில்

சவுதி கிளப்புங்க பெரிய காசு கொடுத்து ஐரோப்பா பிளேயர்களைத் தூக்கப் போறாங்கன்னு ஓடுற டிரான்ஸ்ஃபர் வதந்தி பத்தி போன இதழ்ல போற போக்குல ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளை வச்சு ரெண்டு இதழ் ஓட்டலாம் போல. பாதி வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு, அதுல பாதி திட்டு. கிரிக்கெட் கேள்வி கேட்டவங்க ஒரு வாரம் பொறுத்துக்கங்க, இந்த வாரம் ஃபுட்பால் மட்டும்தான்.

திருச்சியிலிருந்து ஒரு லிவர்பூல் ரசிகர்: அண்ணே, ஒவ்வொரு விண்டோ (கிளப்புங்க பிளேயரை வாங்கி விக்கிற சீசன்) வந்தாலும் "சவுதி தூக்கப் போகுது, சவுதி தூக்கப் போகுது"ன்னு செய்தி போட்டே உயிரை எடுக்குறாங்க. 2023ல எங்க ஸ்டார் சலா மேட்டர்ல நான் ஒரு வாரம் ஒழுங்கா தூங்கல. இதெல்லாம் நிஜமா, இல்ல கிளப்பி விடுறதா?

தம்பி, நீங்க தூங்காத அந்த வாரம் மட்டும் நிஜம். செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்துல விண்டோ மூடுற நாள். அன்னிக்குத்தான் சவுதி கிளப் அல் இத்திஹாத் 15 கோடி பவுண்ட் வரைக்கும் தர்றோம்னு வாய்மொழியா கேட்டாங்க, லிவர்பூல் "விக்கிறதா இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கணும்ல, முடியல, ஏன்னா சவுதி விண்டோ செப்டம்பர் 7 வரைக்கும் தொறந்தே கெடந்துச்சு. அதாவது அவங்க உங்ககிட்ட வாங்கலாம், நீங்க பதிலுக்கு இன்னொருத்தனை வாங்க முடியாது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டு கணக்கு பாக்குற நேரத்துல பின்வாசல் வழியா ஒருத்தன் வந்து உக்காந்து "அந்த தராசு என்ன விலை"ன்னு கேட்டா எப்படி இருக்கும், அப்படி. அப்ப லிவர்பூல் கோச்சா இருந்த குளோப் இதைப் பத்தி ஆகஸ்ட்லயே பொருமிட்டு இருந்தார், யாரும் காதுல வாங்கல.

ஆனா அதுக்கப்புறம் வந்த நூத்துக்கணக்கான செய்தி இருக்கே, அதுல வினைச்சொல்லை மட்டும் பாருங்க. "ஆர்வம் காட்டுறாங்க", "கண்காணிக்கிறாங்க", "பேச்சு அடிபடுது". இதுல யாரும் எதுவுமே பண்ணியிருக்க வேண்டியதில்ல, யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து ஆர்வமா இருந்தா போதும், செய்தி ரெடி. கல்யாண புரோக்கர் "இன்னொரு இடத்துலயும் கேக்குறாங்க, பெரிய இடம், கார் வச்சிருக்காங்க"ன்னு சொல்வார்ல, அந்த இன்னொரு இடம் சில சமயம் இருக்கும், பல சமயம் இருக்காது, ஆனா சொன்ன உடனே இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுல தாம்பூலத் தட்டை எடுத்துருவாங்க. ஏஜென்டும் அதே தொழில்தான். சலா கான்ட்ராக்ட் முடிய ரெண்டு மூணு மாசம் இருக்குற வரைக்கும் சவுதி பேச்சு ஓடுச்சு, 2025 ஏப்ரல்ல லிவர்பூல்லயே ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்து போட்டார். சவுதி பேரைச் சொன்னதால சம்பளம் குறைஞ்சிருக்காதுன்னு மட்டும் எனக்குத் தோணுது.

நிஜமாவே பணத்தை மேசை மேல வச்சாலும் ஆள் போயே ஆகணும்னு இல்ல. 2023 ஜூலைல பிரான்ஸ் ஸ்டார் எம்பாப்பேவுக்கு சவுதி கிளப் அல் ஹிலால் 30 கோடி யூரோ தர்றோம்னு கேட்டாங்க, அவர் ஆடிட்டிருந்த பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி பேசிக்கங்கன்னு பச்சைக்கொடி காட்டிருச்சு, அந்தப் பையன் வந்தவங்களைப் போய் பாக்கக்கூட இல்ல. அதனால அடுத்த தடவை செய்தி வந்தா நான் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன், அந்த பிளேயர் கான்ட்ராக்ட் எப்ப முடியுது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான் மிச்சம்னா சம்பளப் பேரம்னு புரிஞ்சுகிட்டு போனை கவுத்து வச்சுட்டு தூங்கப் போயிருவேன்.

கோயம்புத்தூர் வாசகி: இங்கிலாந்து ரசிகர்கள் எல்லாம் "சவுதி பணம் ஃபுட்பாலை கெடுக்குது"ன்னு அழுறாங்களே, அவங்க அழலாமா சார்?

நல்லா கேட்டீங்க மேடம். எனக்கும் இதுல ஒரு கடுப்பு உண்டு.

என்ஸோ ஃபெர்னாண்டஸ் கதைய பாருங்க. அர்ஜென்டினால ரிவர் பிளேட்ல வளர்ந்த பையன். 2022 நடுவுல போர்ச்சுகல் பென்ஃபிகா சுமார் 1 கோடி யூரோ முன்பணம் கொடுத்து தூக்கிட்டாங்க, ரிவர் ரசிகன் அழுதான். அந்த டிசம்பர்ல அர்ஜென்டினா உலகக் கோப்பை ஜெயிக்குது, பையனுக்கு சிறந்த இளம் வீரர் விருது. 2023 ஜனவரி கடைசி நாள், லண்டன் கிளப் செல்சீ வந்து 12 கோடி யூரோவுக்கு மேல கட்டிட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்க. பென்ஃபிகா லீக்ல முதல் இடத்துல இருந்த நேரம் அது, ஆறே மாசம்தான் ஆச்சு, ஜெர்சில பேர் அடிச்சு வாங்கினவன் அதை ரெண்டு தடவை துவைச்சிருப்பான், அவ்ளோதான். லிஸ்பன்ல அன்னிக்கு எரிஞ்ச வயிறு பத்தி லண்டன்ல எவனாவது பேசினானா? "என்ன ஒரு சைனிங்"னு கொண்டாடினாங்க. அதே ஆளுங்க அஞ்சு மாசம் கழிச்சு செல்சீல இருந்த கான்டே அல் இத்திஹாத் போனதும், ரூபன் நெவஸ் 26 வயசுல இங்கிலாந்து கிளப் உல்ஃப்ஸை விட்டு அல் ஹிலால் போனதும், "இது ஃபுட்பாலுக்கே ஆபத்து"ன்னு ஆரம்பிச்சாங்க.

2023 சம்மர்ல சவுதி லீக் மொத்தமா செலவு பண்ணது கிட்டத்தட்ட 100 கோடி டாலர். பெரிய தொகைதான். அதே சம்மர்ல இங்கிலாந்தோட முதல் டிவிஷனான பிரீமியர் லீக் கிளப்புங்க செலவு பண்ணது 236 கோடி பவுண்ட் (சுமார் 300 கோடி டாலர்), அதாவது சவுதி மாதிரி மூணு மடங்கு. அங்க கடைசி இடத்துல வந்து கீழ் டிவிஷனுக்கு இறங்குற கிளப்புக்கே டிவி பணம், பரிசுப் பணம்னு வருஷத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல கிடைக்குது. அந்த காசு எங்க போகும், பிரான்ஸ், ஹாலந்து, போர்ச்சுகல்ல இருக்குற நல்ல பையனை வாங்கத்தான் போகும். ஹாலந்து கிளப் அயாக்ஸ் ரசிகனைக் கேளுங்க, 1995ல சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச டீம் ரெண்டே வருஷத்துல சிதறிருச்சு, 2019ல செமி ஃபைனல் வரைக்கும் வந்த டீம்ல டி யோங் பார்சிலோனாவுக்கு, டி லிஃக்ட் யுவென்டஸுக்கு. அவன் இதை வானிலை அறிக்கை மாதிரி பாக்கப் பழகிட்டான்.

அதுக்காக ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். பிரீமியர் லீக் காசுல பெரும்பகுதி ரசிகன் பார்க்குறதுல இருந்து வருது. சவுதில 2023 ஜூன்ல அரசாங்க முதலீட்டு நிதியே அல் ஹிலால், அல் நஸ்ர், அல் இத்திஹாத், அல் அஹ்லின்னு நாலு கிளப்புல 75 சதவீதத்தை எடுத்துகிச்சு. அப்ப ஒரே முதலாளிக்கு நாலு டீம், அவங்களுக்குள்ள போட்டி வேற. இதுல கூத்து என்னன்னா அதே நிதிக்குத்தான் இங்கிலாந்துல நியூகாசிலும் சொந்தம், அங்கருந்து செயின்ட் மேக்ஸிமினை அல் அஹ்லிக்கு அனுப்பினப்போ மத்த கிளப்பெல்லாம் "இடது பாக்கெட்லேர்ந்து வலது பாக்கெட்டுக்கு மாத்துறாங்க"ன்னு முணுமுணுத்தாங்க. அந்த முணுமுணுப்புல நியாயம் இருக்கு. அழுகைல இல்ல.

காரைக்கால், கல்லூரி மாணவர்: பணக்கார லீக் ஆள் தூக்குற வேலைய முதல்ல ஆரம்பிச்சது யாரு சார்? சவுதியா சைனாவா?

முதல் ஆள் யாருன்னு அடிச்சு சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா இந்த ரெண்டுக்கும் ரொம்ப முன்னாடியே கொலம்பியா பண்ணிருச்சு. 1949ல. எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது, கொஞ்சம் நீட்டுறேன் பொறுத்துக்கங்க.

1948ல அர்ஜென்டினால பிளேயருங்க சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் பண்றாங்க. அந்த நேரம் பார்த்து கொலம்பியா லீக் உலக ஃபுட்பால் அமைப்பான ஃபீஃபாவை விட்டு விலகி தனியா நிக்குது. ஃபீஃபாவுல இல்லன்னா என்ன அர்த்தம், டிரான்ஸ்ஃபர் பணம்னு யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், நேரா பிளேயர் கைல காசு கொடுத்து கூட்டிட்டு வந்துரலாம். மில்லோனாரியோஸ்னு ஒரு கிளப், பேரைப் பாருங்க, கோடீஸ்வரங்கன்னு அர்த்தம், ரிவர் பிளேட்ல இருந்து அர்ஜென்டினா ஸ்டார் டி ஸ்டெஃபானோவையே தூக்கிட்டாங்க.

அடுத்தது இங்கிலாந்து. அப்ப அங்க பிளேயருக்கு வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு லீக் விதியே இருந்துச்சு, நீ எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் சரி. ஸ்டேடியத்துல 50,000 பேர் டிக்கெட் வாங்கி நிப்பான், நடுவுல ஆடுறவனுக்கு 12 பவுண்ட். 1950 மே மாசம் இங்கிலாந்து டீமோட டிஃபென்டர் நீல் ஃப்ராங்க்ளின், ஸ்டோக் சிட்டில கூட ஆடின ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்டோட பொகோட்டாவுக்கு கெளம்பிட்டார், சான்ட்டா ஃபே கிளப்புக்கு. அடுத்த மாசம் உலகக் கோப்பை. அவர் இல்லாத இங்கிலாந்து அமெரிக்காகிட்ட 1-0ன்னு தோத்துச்சு, இன்னைக்கும் அவங்க வரலாற்றுல பெரிய அவமானம் அது. அவர் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களான்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல.

மான்செஸ்டர் யுனைட்டட்ல இருந்து சார்லி மிட்டனும் போனார், அவருக்கு பத்திரிகைங்க வச்ச பேரு "பொகோட்டா கொள்ளைக்காரன்". கொள்ளையடிச்சது யாரு, வாரம் 12 பவுண்ட் கொடுத்தவனா, அதை விட்டுட்டு போனவனா? பத்திரிகை அதைக் கேக்கல. திரும்பி வந்ததும் ஆறு மாச தடை, அபராதம், அப்புறம் ஃபுல்ஹாமுக்கு வித்துட்டாங்க. ஃப்ராங்க்ளின் ரெண்டு மாசத்துலயே திரும்பிட்டார், அவருக்கும் தடை, மறுபடி இங்கிலாந்து ஜெர்சியே போட முடியல. அந்த சம்பள உச்சவரம்பு போனது 1961ல. டி ஸ்டெஃபானோ 1953ல ரியல் மாட்ரிட் போய் சேர்ந்தார், மிச்சம் உங்களுக்கே தெரியும்.

எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சு, தலைப்புச் செய்தில ஊர் பேரு மட்டும்தான் மாறியிருக்கு.

தூத்துக்குடி வாசகர்: சைனா லீக்கும் இப்படித்தானே பயமுறுத்துச்சு, என்ன ஆச்சு?

ஆமா, 2016ல அப்ப ஆர்சனல் கோச்சா இருந்த வெங்கரே "இங்கிலாந்து கவலைப்படணும்"னு சொன்னார். லிவர்பூல் ஆசைப்பட்ட அலெக்ஸ் டெய்ஷெய்ராவை ஜியாங்சு கிளப் 5 கோடி யூரோவுக்கு தூக்குச்சு, அடுத்து செல்சீ ஆஸ்கர் 25 வயசுல 6 கோடி பவுண்டுக்கு ஷாங்காய் போனார். அப்புறம் சைனா அரசாங்கமே கடிவாளம் போட்டுச்சு, நஷ்டத்துல ஓடுற கிளப் வெளிநாட்டு பிளேயரை 4.5 கோடி யுவானுக்கு மேல வாங்கினா அதே அளவு தொகைய ஃபுட்பால் வளர்ச்சி நிதிக்கு கட்டணும்னு. ஜியாங்சு 2020 நவம்பர்ல லீக் சாம்பியன். 2021 பிப்ரவரில கிளப்பையே மூடிட்டாங்க. கப்பு மேல தூசி படியுறதுக்குள்ள கடை காலி. அந்த ஊர் ரசிகனை யாரும் பேட்டி எடுத்து நான் பாக்கல, ஐரோப்பால பயந்தவன் பேட்டி மட்டும் நூறு படிச்சேன்.

துபாயில் வேலை பார்க்கும் ஒரு புதுக்கோட்டைக்காரர்: அண்ணே, நானும் சம்பளத்துக்குத்தான் வீட்டை விட்டு இங்க வந்து கெடக்குறேன். என்னை யாரும் துரோகின்னு சொல்லல, ஊர்ல பொங்கலுக்கு வந்தா மரியாதைதான். ஹெண்டர்சன் போனா மட்டும் ஏன் இவ்ளோ கொதிக்கிறாங்க?

உங்க கேள்விக்கு நான் ரெண்டு நாள் யோசிச்சேன்.

மொதல்ல உங்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம், நீங்க போகலன்னா வீட்டுல அடுப்பு எரியாது, அவர் போகலன்னா மூணாவது கார் வராது. ஆனா ரசிகனோட கோபம் அதுல இல்லன்னு நினைக்கிறேன், பணக்காரனா இருக்கறதுக்காக யாரும் பிளேயரை வெறுக்கறதில்ல. ஹெண்டர்சன் 12 வருஷம் லிவர்பூல், அதுல பாதிக்கு மேல கேப்டன். ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு ஆதரவா கைல வானவில் பட்டை கட்டி ஆடினவர், அவங்க பக்கம் நிக்கிறேன்னு வாய் விட்டு சொன்னவர். அவங்களை குற்றவாளின்னு சொல்ற நாட்டுக்கு 2023 ஜூலைல கெளம்பிட்டார். அவரை வாங்கின அல் எத்திஃபாக் கிளப் அவரை அறிமுகப்படுத்தி விட்ட வீடியோல அந்தப் பழைய படத்தை கறுப்பு வெள்ளையாக்கி, பட்டையோட கலரே தெரியாம பண்ணியிருந்தாங்க. சின்ன விஷயம்தான், எடிட்டிங்ல ரெண்டு நிமிஷ வேலை. ஆனா லிவர்பூல்ல அந்தப் பட்டைய நம்பி ஸ்டேடியத்துக்கு வந்த ஒருத்தன் அதைப் பார்த்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அக்டோபர்ல வெம்ப்ளில இங்கிலாந்துக்கு ஆடிட்டு வெளிய வர்றப்ப சொந்த ஊர் கூட்டமே ஊளையிட்டுச்சு. சவுதில சில மேட்சுக்கு ஆயிரம் பேர் கூட வரல. ஆறே மாசம், 2024 ஜனவரில அயாக்ஸுக்கு ஓடி வந்துட்டார்.

ரியல் மாட்ரிட்ல இருந்து பென்சிமாவும் சவுதி போனார், யாரும் இந்த அளவு கொதிக்கல. ஏன்னா அவர் எதையும் வாக்கு கொடுக்கல. நீங்க பொங்கலுக்கு வந்தா ஊர் மதிக்குதுன்னா, போறப்ப "காசுக்குத்தான் போறேன்"னு சொல்லிட்டுப் போனீங்க. ஹெண்டர்சன் லீக்கை வளர்க்கப் போறேன், மாற்றம் கொண்டு வரப் போறேன்னு பேசினார். ரசிகனுக்கு காசு பிரச்சினை இல்லண்ணே, கதை விடுறதுதான்.

நாகர்கோவில் வாசகர்: சவுதி ரசிகர்களைப் பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்களே, அங்க ரசிகர்களே இல்லையா?

இருக்காங்க சார், நல்லாவே இருக்காங்க. அல் ஹிலால் 1957ல ஆரம்பிச்ச கிளப், ஆசிய சாம்பியன்ஸ் லீக் நாலு தடவை ஜெயிச்சது, எண்ணெய்க் காசுல நேத்து முளைச்சது இல்ல. 2022 உலகக் கோப்பைல மெஸ்ஸி டீமை 2-1ன்னு சவுதி அடிச்சதே, அந்த ரெண்டு கோலும் அல் ஹிலால் பசங்க போட்டது.

ஒரு காட்சி சொல்றேன். 2023 ஆகஸ்ட்ல கேப்ரி வெய்கான்னு 21 வயசு ஸ்பானிஷ் பையன் அல் அஹ்லிக்கு போறான்னு செய்தி வந்ததும், ரியல் மாட்ரிட் பிளேயர் டோனி குரூஸ் இன்ஸ்டாகிராம்ல ஒரே வார்த்தை போட்டார், வெட்கக்கேடுன்னு. 2024 ஜனவரில ஸ்பானிஷ் சூப்பர் கப் ரியாத்ல நடக்குது. குரூஸ் கால்ல பந்து பட்டா விசில், பந்து போயிட்டா அமைதி, திரும்ப வந்தா விசில். சவுதி கூட்டம் அஞ்சு மாசம் ஞாபகம் வச்சிருந்து பழி தீத்துகிச்சு. மனுஷன் சிரிச்சுகிட்டே கூட்டம் பிரமாதம்னு நக்கலா பதிவு போட்டார். அதெல்லாம் சரி, ஸ்பெயின் நாட்டு கப்பு மேட்ச் ரியாத்ல ஏன் நடக்குது? அவங்க ஃபெடரேஷன் காசுக்கு வித்ததால. வெய்கா போனது வெட்கக்கேடுன்னா இது என்னன்னு குரூஸ்கிட்ட யாராவது கேட்டிருக்கலாம். (வெய்கா 2025ல ஐரோப்பாவுக்கே திரும்பி, போர்ச்சுகல்ல போர்ட்டோ கிளப்புக்கு வந்துட்டான், அது தனிக்கதை.)

சவுதி ரசிகனுக்கும் வயித்தெரிச்சல் இருக்கு, அது வேற மாதிரி. டீமுக்கு எட்டு பத்துன்னு வெளிநாட்டு ஆளுங்க வந்ததும் உள்ளூர் பையன் பெஞ்சுல உக்காந்துட்டான். சவுதி நேஷனல் டீம் கோச்சா இருந்த மான்சினியே 2024ல இதைச் சொல்லி புலம்பினார், நம்ம ஆளுங்களுக்கு ஆடுற வாய்ப்பே கிடைக்கல, எவனை வச்சு நான் டீம் போடுறதுன்னு. தூக்குறவன் வீட்டுலயும் ஒருத்தனுக்கு சோறு குறையுது.

2025 கிளப் உலகக் கோப்பைல அல் ஹிலால் மான்செஸ்டர் சிட்டிய 4-3ன்னு அடிச்ச அன்னிக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சிட்டி ரசிகர் "இது ஓய்வூதிய லீக்"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தவர், ரெண்டு நாள் குட்மார்னிங் கூட போடல.

பெயர் வேண்டாம், மான்செஸ்டர் யுனைட்டட் ரசிகன்: எங்க கேப்டன் புரூனோ ஃபெர்னாண்டஸ் 2025ல அல் ஹிலாலுக்கு போக மாட்டேன்னு சொன்னது விசுவாசமா, முட்டாள்தனமா?

அந்த சீசன் உங்க டீமைப் பார்த்தப்புறமும் இருக்கேன்னார்ல, அதுக்கு வேற ஒரு வார்த்தை வேணும்.

மதுரை வாசகர்: நெய்மாரை வாங்கி அல் ஹிலாலுக்கு என்ன லாபம்?

9 கோடி யூரோ, ஏழு மேட்ச், ஒரு முழங்கால் ஆபரேஷன். 2023 நவம்பர்ல அல் ஹிலால் மும்பைக்கு ஆட வந்தப்ப நெய்மாரைப் பாக்கலாம்னு ஆசையா இருந்தோம், அக்டோபர்லயே முழங்கால் போயிருச்சு. அதே மாதிரி 2025ல ரொனால்டோ ஆடுற அல் நஸ்ர் கோவா ஃபதோர்டா ஸ்டேடியத்துக்கு வந்துச்சு, ரொனால்டோ மட்டும் வரல. பணக்கார லீக்ல இருந்து நமக்கு கிடைச்சது டிக்கெட் விலை மட்டும்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கோச்: சார், மும்பை, ரியாத்னு பேசுறீங்க. நம்ம ஊர்லயும் ஆள் தூக்குறது நடந்துச்சே, எழுத மாட்டீங்களா?

எழுதுறேன் மாஸ்டர். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், சென்னை சிட்டி எஃப்சி பஞ்சாப் கிளப் மினெர்வாவை 3-1ன்னு ஜெயிச்சு தேசிய லீக்கான ஐ-லீக் சாம்பியன். கோடி கோடியா கொட்டுற கிளப் கிடையாது, ஸ்பெயின்ல பெரிசா யாருக்கும் தெரியாத பசங்களையும் நம்ம ஊர் பசங்களையும் கலந்து கட்டின டீம், அக்பர் நவாஸ் கோச், பெட்ரோ மான்சி அந்த சீசன்ல 21 கோல். அந்த வருஷமே நம்ம நெய்வேலி எட்வின், காசு அதிகம் புழங்குற இன்னொரு லீக்கான ஐஎஸ்எல்ல ஆடுற சென்னையின் கிளப்புக்கு போனார், 2020 ஜனவரில மான்சிய ஜப்பான் ரெண்டாவது டிவிஷன் கிளப் வாங்கிட்டுப் போச்சு. ரெண்டாவது டிவிஷன்! நம்ம சாம்பியன் டீமோட டாப் ஸ்கோரர். அப்புறம் டீம் தேஞ்சுகிட்டே போச்சு. தேசிய மீடியால அதுக்கு ஒரு பெட்டிச் செய்தி கூட ஒழுங்கா வரல, அதுலதான் எனக்கு ஆத்திரம், போனதுல இல்ல. எட்வின் போனது சரி, அந்தக் காசும் அந்த மேடையும் அவருக்கு வேணும்.

உங்க மாதிரி கோச்சுங்களுக்கு ஒரு தகவல், ஒரு பிளேயரை வெளிநாட்டு கிளப்புங்க கைமாத்துறப்ப அந்தத் தொகைல 5 சதவீதம், அவன் 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் பயிற்சி எடுத்த கிளப்புகளுக்கு பிரிச்சுத் தரணும்னு ஃபீஃபா விதி இருக்கு. அதனால பசங்க பேரை ஒழுங்கா பதிவு பண்ணி வைங்க, நோட்டுல இல்ல, சங்கத்துல.

நானும் ஒரு தடவை இதுல மாட்டியிருக்கேன். எங்க தெரு செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால்) டீமுக்கு ஒரு கோல்கீப்பர், நல்ல உயரம், பந்தைப் பிடிச்சா நெஞ்சோட அணைச்சுப்பான், எங்களுக்கு பிரியாணி மட்டும்தான் அவன் சம்பளம். ஒரு டோர்னமென்ட்ல செமி ஃபைனலுக்கு முன்னாடி நாள் பக்கத்து ஏரியா டீம் 500 ரூபாயும் ஒரு ஜோடி புது கிளவுஸும் கொடுத்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. கேப்டன் கொதிச்சார், நான் அவன் வீட்டு வாசல்லயே போய் நின்னு கத்தினேன். அவங்க அம்மா வெளிய வந்து "அந்த பழைய கிளவுஸ்ல விரல் வெளிய வந்துருச்சு தம்பி, நீங்க யாராவது பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. நான் பாக்கல. செமி ஃபைனல் பெனால்டிக்கு போச்சு, மூணாவது என்னுது, பிடிச்சுட்டான்.